எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்

சென்ற தவக்காலத்தின் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து நாம் திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்த வேளையில், சக்ரீஸ்து வாசலில் ஒரு பாட்டியும் பேத்தியும் வந்து நின்றனர். வானூர் வட்டத்தில் நம் பங்கைச் சேர்ந்த கிளை ஊர் ஒன்றின் இறைமக்கள் அவர்கள். பேத்தி திண்டிவனத்தில் பொருளியல் பட்டம் பெற்றவள். அக்குடும்பத்தின் முதல் பட்டதாரி. பெங்களூரிலுள்ள ஒரு கல்வி நிலையத்தில் பொதுக்கொள்கையில் முதுகலை பயில அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் தேவை, அதற்காகவே வந்திருந்தாள்.

கடிதம் எழுதித் தருவது எளிது. நம்மைத் தடுத்து நிறுத்தியது பாட்டியின் கேள்வி. "சாமி, ஊர எப்பிடி நடத்தணும்னு படிக்கிறதுக்கு ஊர வுட்டுட்டுத்தான் போவணுமா?" என்றார்.

நாமும் சட்டென்று ஒரு பதில் சொன்னோம். மருத்துவம் படிப்போரும் ஊரைவிட்டுப் போய்த்தான் படிக்கிறார்கள், பாட்டி என்றோம். அவர் சற்றும் தயங்காமல், "டாக்டரு நோவு கண்டவனத் தொட்டுப் பாக்குறாரு சாமி. இவ யாரத் தொட்டுப் பாப்பா?" என்று கேட்டார். பேத்தி வெட்கப்பட்டுப் பாட்டியின் முந்தானையை இழுத்தாள். கடிதத்தை அடுத்த ஞாயிறு தருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தோம். அந்த ஒரு வாரம் நம் மனத்தில் ஓடியவற்றையே இங்கு வாசகர்முன் வைக்கிறோம்.

வானூரை அறியாதவர்களுக்கு ஒரு சொல். இவ்வட்டத்தின் ஒரு பக்கம் ஆரோவில் இருக்கிறது. உலகின் பல நாட்டார் வந்து மனித ஒருமைப்பாட்டைத் திட்டமிட்டு வாழ்ந்து பார்க்கும் நகரம். மறுபக்கம் திருவக்கரை, ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள் அங்கே கிடக்கின்றன. அதே பகுதியில்தான் கல்குவாரிகளும் கிரஷர்களும் இரைந்துகொண்டிருக்கின்றன. இப்பெண்ணின் தகப்பனார் அத்தகைய கிரஷர் ஒன்றில் இருபது ஆண்டுகளாக உழைப்பவர். வானூர் தனித்தொகுதியும்கூட. ஆக, வேறெங்கோ இருந்துகொண்டு இவர்களைப்பற்றி வகுக்கப்பட்ட திட்டங்களுக்கும் பட்டியல்களுக்கும் இந்த ஊர்களில் என்றும் பஞ்சமில்லை.

பொதுக்கொள்கை என்னும் இப்படிப்பு நம் நாட்டுக்குச் சற்றுப் புதியது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1936ஆம் ஆண்டிலேயே பொது நிர்வாகத்திற்கெனப் பட்டமேற்படிப்புப் பள்ளி ஒன்றை நிறுவியது. பின்னர் அது கென்னடியின் பெயரைப் பெற்றது. இங்கே பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகம் 2002இலும், அந்நகரின் தேசிய சட்டப் பள்ளி 2014இலும் இத்துறையில் படிப்புகளைத் தொடங்கின. தமிழக அரசு 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் இரண்டாண்டுகள் அரசுத் துறைகளில் பணியாற்றியவாறே, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிலையத்தின் வழியாகப் பொதுக்கொள்கையும் பயின்றனர். பொருளியல், புள்ளியியல், சட்டம், நிர்வாகம் ஆகியவற்றோடு, ஒரு திட்டம் உண்மையில் பயன் தந்ததா என அளந்தறியும் முறைகளும் இதன் பாடங்கள். வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து அதிகாரங்களை வைத்ததை நினைத்துக்கொண்டால், பாடத்திட்டம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று என்பது விளங்கும். நம் திருச்சபைக்கும் அப்படியே. சென்னை இலயோலாவில் பணியாற்றியவரும் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவருமான இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா 1951ஆம் ஆண்டிலேயே இந்திய சமூக நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இரக்கம் மட்டும் போதாது, ஆய்வும் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தவர் அவர்.

ஆனால் பாட்டியின் கேள்வி பாடத்திட்டத்தைப் பற்றியதன்று. ஓர் அறையில் அமர்ந்து, தான் காணாத பல்லாயிரம் பேரின் நன்மையைத் தீர்மானிக்கும் அறிவு எத்தகையது, அது நல்லதுதானா என்பதே அக்கேள்வி.

விவிலியத்தில் அந்த அறிவைப் பெற்றிருந்த ஒருவர் உண்டு. தொடக்க நூலின் யோசேப்பைத்தான் சொல்கிறோம். பார்வோனின் கனவுக்குப் பொருள் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. உடனே ஒரு திட்டத்தையும் முன்வைத்தார். ஏழு வளமான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க வேண்டும், நகரந்தோறும் களஞ்சியம் வேண்டும், மேற்பார்வையாளர் வேண்டும். பஞ்சம் வந்தது. களஞ்சியங்கள் திறந்தன. மக்கள் பிழைத்தனர். மறைக்கல்வி வகுப்பில் நாம் சிறுவருக்குச் சொல்லும் கதை பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். அடுத்து அண்ணன்மார் வரும் கண்ணீர்க் காட்சிக்குத் தாவிவிடுவோம்.

நாற்பத்தேழாம் அதிகாரத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. யோசேப்பு தானியத்தை இலவசமாகக் கொடுக்கவில்லை, விற்றார். முதல் ஆண்டில் மக்களின் வெள்ளி முழுவதும் பார்வோனின் கருவூலத்துக்குப் போயிற்று. பிறகு கால்நடைகள் போயின. அதன் பிறகு கொடுப்பதற்கு நிலமும் உடலும்தான் மிஞ்சியிருந்தன, அவற்றையும் கொடுத்தார்கள். எகிப்து நாட்டு நிலமெல்லாம் மன்னனுக்குச் சொந்தமாயிற்று, உழுதவர் அடிமையானார். மக்கள் கலகம் செய்யவில்லை. எங்கள் உயிரைக் காத்தீரே என்று நன்றியும் சொன்னார்கள். இதில் நம்மை எப்போதும் உறுத்தும் ஒரு செய்தி உண்டு. குருக்களின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை. அவர்களுக்கு அரசன் தனியே படி அளந்தான். குருவாகிய நாம் அந்த வரியைக் கடந்து போகும்போதெல்லாம் சற்றுத் தடுமாறியே போகிறோம்.

யோசேப்பின் திட்டம் வெற்றியா, தோல்வியா? பட்டினிச் சாவு எத்தனை என்று மட்டும் கேட்டால் வெற்றி. பஞ்சத்திற்கு முன்னும் பின்னும் அம்மக்கள் யாராய் இருந்தார்கள் என்று கேட்டால் பதில் வேறு. யோசேப்பை அறியாத ஓர் அரசன் பின்னாளில் தோன்றியபோது, எல்லாமே மன்னன் கையில் என்றாகிவிட்ட அந்த நாட்டில்தான் யோசேப்பின் சொந்த இனத்தாரே செங்கல் அறுக்கும் அடிமைகளாயினர். யோசேப்பு தீயவரல்லர், அறிவிலும் குறைந்தவரல்லர். எதைக் கேட்கவேண்டும் என்பதில் ஒரு கேள்வியை அவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான். எனவே இப்படிப்பின் முதல் பாடம் கணக்கன்று, கேள்வி என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் மண்ணிலும் இதே கதை நடந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் அறிவர். அப்போது வைசிராய் லிட்டன் பிரபு, செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியை 1877 ஜனவரியில் சென்னைக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் சற்றுக் குறைவான தானியம் வாங்கும் அளவுக்குக் கூலி போதும் என்று அவர் வகுத்தார். 'டெம்பிள் கூலி' என்று வரலாற்றில் பெயரெடுத்தது அது. இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. இதே டெம்பிள் 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது தாராளமாய்த் தானியம் இறக்குமதி செய்து மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர். அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று. வீண்செலவு செய்தார் என்னும் கண்டனம். சென்னைக்கு வந்தவர் அந்த வடுவோடு வந்தார். சிக்கனக்காரர் என்று தம்மை மெய்ப்பிக்கும் அவசரம் அவருக்கு இருந்தது. அவருடைய மனச்சான்று மரத்துப்போனதற்குக் கல்வி காரணமன்று. மேலிடத்தின் கண் காரணம். பதவியில் இருக்கும் எவரும், மறைமாவட்டப் பொறுப்புகளில் இருக்கும் நாமும்கூட, இந்த வரலாற்றை இருமுறை வாசிப்பது நல்லது.

அவரை எதிர்த்தவர் யார் தெரியுமா? சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அவரும் ஆங்கிலேயர், அவரும் அதிகாரி. கண்ணீரால் அவர் வாதாடவில்லை, எண்களால் வாதாடினார். உழைக்கும் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும், நிவாரண முகாம்களில் எத்தனை பேர் எப்படி இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அச்சிட்டு அரசின்முன் வைத்தார். சில மாதங்களில் அந்தக் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எண்ணற்றோர் மாண்டிருந்தனர். நம் ஊரிலிருந்து மரக்காணம் வழியாகப் போகும்போது காணும் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறதே, அதன் ஒரு பகுதி அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். பஞ்சத்தின்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்தது. மண் சுமந்தவர் பெயர் எதற்கும் நிலைக்கவில்லை.

அப்பஞ்ச ஆண்டுகளில்தான் பாண்டிச்சேரி மறைத்தளத்தில் ஆயிரமாயிரமாய் மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். நம் பகுதியிலுள்ள பல குடும்பங்களின் விசுவாச வரலாறு அங்கே தொடங்குகிறது. அரிசிக் கிறிஸ்தவர் என்ற ஏச்சும் அங்கேதான் தொடங்குகிறது. பசித்தவன் தனக்குச் சோறிட்டவனின் கடவுளை நம்பியதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதுண்டு.

இவ்விரு அதிகாரிகளையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போது, எண்ணிக்கையின்மேல் நமக்கிருந்த பழைய ஐயம் சற்றுத் தெளிகிறது. குருமடத்தில் படித்த காலத்தில், மனிதரை எண்களாக்குவதே பாவம் என்று உணர்ச்சியோடு கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியவர்கள் நாம். தாவீது தம் மக்களைக் கணக்கெடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதை அதில் சான்றாகக் காட்டினோம். அதே விவிலியத்தில் எண்ணிக்கை என்றே ஒரு நூல் இருப்பதையும், அங்கே மக்களைக் குடும்பம் குடும்பமாக எண்ணும்படி ஆண்டவரே பணித்ததையும் அன்று வசதியாக மறந்துவிட்டோம். தாவீது எண்ணியது வாளேந்தும் ஆட்களை. தம் பலத்தை அறிய எண்ணினார். பாலைவனத்தில் மோசே எண்ணியதும் பெரும்பாலும் போர் செய்யத் தக்கவர்களைத்தான். ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தம் குலம், தந்தையர் குடும்பம், பெயர் என்ற வரிசையில் எண்ணப்பட்டனர். தமிழில் எண்ணுதல் என்ற ஒரே சொல் கணக்கிடுதலையும் நினைத்தலையும் குறிக்கிறது. நினைக்காமல் கணக்கிட முடியும் என்று டெம்பிள் காட்டினார். கணக்கிடாமல் நினைத்துக்கொண்டே இருப்பதும் ஒருவகைக் குற்றம்தான்; அது மேடைகளில் நாம் செய்வது.

இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று நம்மவர்க்கு நினைவிருக்கும். 2007இல் தமிழக அரசு கிறிஸ்தவர்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வழங்கியது. நாம் ஆலயங்களில் நன்றி சொன்னோம். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிற்படுத்தப்பட்டோருக்கான பெரிய ஒதுக்கீட்டுக்குள் போட்டியிட்டு நம் பிள்ளைகள் பெற்றுவந்த இடங்களைவிடத் தனி ஒதுக்கீட்டில் கிடைத்தவை குறைவு. 2008இல் நம் தலைவர்களே கேட்டுக்கொண்டதன்பேரில் அது திரும்பப் பெறப்பட்டது. கொடுத்தவர்க்கும் நல்லெண்ணம், பெற்றவர்க்கும் மகிழ்ச்சி. குறைந்தது கணக்கு மட்டுமே. இப்பெண்ணைப்போல் நாலு பேர் அன்று நம்மிடையே இருந்திருந்தால், நன்றித் திருப்பலிக்கு முன்பே அக்கணக்கைப் போட்டிருப்பார்கள்.

இனிச் சற்று இடர்ப்பாடான இடத்துக்கு வருகிறோம். இத்துறையில் இன்று பெரிதும் போற்றப்படுவது ஒரு சோதனை முறை. மருந்தைச் சோதிப்பதுபோலத் திட்டத்தையும் சோதிப்பது. சில ஊர்களுக்குக் கொடுத்து, வேறு சில ஊர்களுக்குக் கொடுக்காமல், யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். இம்முறையை வளர்த்த பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் ஆகிய மூவரும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அவர்களுள் கிரெமர், எட்வர்டு மிகுவல் என்பவரோடு சேர்ந்து கென்யாவின் புசியா மாவட்டத்தில் 1998 முதல் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரையின் பயனை ஆராய்ந்தார். பள்ளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மாத்திரை பெற்றன. தமிழக அரசும் 2014இல் இம்முறையைக் கையாளும் ஆய்வகத்தோடு உடன்பாடு செய்துகொண்டது.

கேட்டவுடன் நம் மனம் கூசுகிறது. பசித்த பிள்ளையிடம் நீ ஒப்பீட்டுக் குழு என்று சொல்லலாமா? ஒரு மனிதரை மற்றவர் அறிவு பெறுவதற்கான கருவியாக்கலாமா? இதை நாம் எளிதாய் ஒதுக்கிவிட விரும்பவில்லை. ஆனால் நம் பங்கின் பள்ளியில் நடந்த ஒன்று நம்மை நிதானிக்கச் செய்தது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டி, 1956இல் காமராசரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு என்று வந்த நீண்ட வழியின் அடுத்த படி அது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகள் அதில் அப்போது சேரவில்லை. நம் பங்கின் தொடக்கப் பள்ளி அரசு உதவிபெறுவது. மதிலுக்கு அப்பால் இருப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. புதன்கிழமை காலைகளில் அங்கிருந்து பொங்கல் மணம் வரும். நம் பிள்ளைகள் மதிலைப் பார்ப்பார்கள். ஒரே தெருப் பிள்ளைகள். ஒரே கிரஷரில் வேலை செய்யும் பெற்றோர். நாம் கொதித்துப்போய், சிறுபான்மையினர் என்பதால் வஞ்சிக்கப்படுகிறோம் என்று மறையுரையிலேயே முழங்கிவிட்டோம்.

திருப்பலி முடிந்ததும் இதே பெண், அப்போது கல்லூரி மாணவி, வந்து சொன்னாள்: "ஃபாதர், எல்லாருக்கும் ஒரே நாளில கொடுக்க முடியாதுன்னா யாராவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும். கோட்டை ஏன் போட்டீங்கன்னு கேக்கறதைவிட, எப்போ அழிப்பீங்கன்னு கேளுங்க." நாம் கேட்டோம், நம்மைப்போல் பலரும் கேட்டார்கள். 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பெயரைத் தாங்கிய பள்ளியில் அது தொடங்கிவைக்கப்பட்டது என்பதை நம் வாசகர் பலர் அறிவர்.

அன்றிலிருந்து நமக்கு ஒரு வேறுபாடு புலப்படுகிறது. கொடுப்பதற்கு இருப்பது குறைவாயிருக்கும்போது யாரோ காத்திருக்க நேர்வது தவிர்க்க முடியாதது. செல்வாக்குள்ளவன் முந்திக்கொள்வதைவிடச் சீட்டு நேர்மையானது. மத்தியாவைத் திருத்தூதராகத் தேர்ந்ததும் சீட்டுத்தான். ஆனால் கொடுக்க முடிந்தும், பயன் உண்டென்று நன்கு தெரிந்தும், அளவீட்டின் அழகுக்காக ஒருவரைக் காக்கவைப்பது அவரைப் பயன்படுத்துவதாகும். முன்னது ஏழ்மை, பின்னது களவு. இரண்டுக்குமிடையே எங்கே கோடு விழுகிறது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. காத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கக் கூடியவர்தான் அதைச் சொல்லமுடியும்.

பாட்டி சொன்ன தொட்டுப் பார்த்தல் இதுதானோ? புனித தோமா அக்குவினாஸ் முன்மதியைப்பற்றிப் பேசும் இடத்தில், அது பொதுவான நெறிகளை அறிவதோடு அமைவதில்லை, தனித்தனி நிகழ்வுகளையும் அறியவேண்டும், ஏனெனில் செயல் என்பது தனித்தனி நிகழ்வுகளிலேயே நடக்கிறது என்ற கருத்தை விளக்குகிறார். அரசாள்வோர்க்கென்று முன்மதியில் தனிவகை ஒன்றையும் அவர் வகுக்கிறார். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931இல் வெளியிட்ட சுற்றுமடலில், சிறிய சமூகங்கள் தாமே செய்யக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று போதித்தார். இவற்றை நாம் குருமடத்தில் இலத்தீனில் உருப்போட்டோம். பாட்டியோ நூறுநாள் வேலையில் கற்றார். 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் அத்திட்டம் தொடங்கியபோது தமிழகத்தின் ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. வெட்டிய குழியின் நீள அகல ஆழத்தை அளந்து கூலி கணக்கிட்டார்கள். மண் எத்தகையது, வெட்டியவரின் வயது என்ன என்பதை அளவுகோல் கேட்கவில்லை என்பது பாட்டியின் வழக்கு. ஆயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை அவர் வாழ்நாளில் முதன்முதலாகக் கண்டது அங்கேதான் என்பதையும் அவரே சொல்வார். அத்திட்டத்தின் இடத்தில் 2025 இறுதியில் வேறொரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதை நிறைவேற்றியவர்களுள் எவரும் இவரைக் கேட்டிருக்க வழியில்லை.

பேத்தியும் ஒரு கொள்கையின் பிள்ளைதான். அவளுடைய சாதிச் சான்றிதழ் அவளைக் கிறித்தவ ஆதிதிராவிடர் என்று சொல்லிப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கிறது. தெருவுக்கு எதிர்ப்புறம் வாழும் அவளுடைய பெரியப்பா மகள் இந்து, பட்டியல் சாதியினர். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணையின் மூன்றாம் பத்தி இருவருக்குமிடையே அந்தத் தெருவைப் போட்டது. 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் அது திருத்தப்பட்டது, நமக்காகத் திருத்தப்படவில்லை. அரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் வேறோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது அந்தத் தடைக்குச் சொல்லப்படும் வாதம். இருக்கிறது என்று நாம் சான்று காட்டவேண்டிய அவலம் ஒருபுறம்; அந்தச் சான்று நம் கல்லறைத் தோட்டங்களின் நடுவே சுவராக நிற்கிறது என்பது மறுபுறம். கொள்கை வகுப்போரைச் சாடும்போது அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு சாடக்கூடாது.

சனிக்கிழமை இரவு பரிந்துரைக் கடிதத்தை எழுத அமர்ந்தோம். அறிவு, ஒழுக்கம், அன்பியத்தில் ஆர்வம் என்று எழுதிவிட்டு, படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பித் தன் மக்களுக்குத் தொண்டாற்றுவாள் என்று கடைசி வரியைச் சேர்த்தோம். உதவித்தொகை தருவோர் விரும்பும் வரி அது. எழுதிய பிறகு அது நம்மை நெருடியது. இதே பங்கில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் கணினி படிக்கவும் வெளிநாடு போகவும் எத்தனையோ கடிதங்கள் கொடுத்திருக்கிறோம். அவர்களில் ஒருவரிடமாவது திரும்பி வருவாயா என்று கேட்டதுண்டா? கல் உடைப்பவரின் மகளுக்கு மட்டும் கல்வி ஏன் கடனாகவேண்டும்? அவள் வரலாம்; வராமலும் போகலாம். மோசே எகிப்தியரின் கலைகளையெல்லாம் பயின்றவர் என்று திருத்தூதர் பணிகள் கூறுகிறது. பயிற்றுவித்தவர் எவரும் அவரிடம் முன்கூட்டி வாக்குறுதி வாங்கியதாகத் தெரியவில்லை. எரியும் முட்செடி அவருடைய வழியில் தானாக வந்தது. கடைசி வரியை அடித்துவிட்டுக் கடிதத்தைப் புதிதாக எழுதினோம்.

ஞாயிறன்று பாட்டியிடம் நாம் சிந்தித்தவற்றில் ஒரு பகுதியையாவது சொல்லிவிட முயன்றோம். யோசேப்பு வரைக்கும் பொறுமையாய்க் கேட்டார். பிறகு இடைமறித்து, "சரி சாமி, போவட்டும். யாரு ஊட்டுக்குக் கணக்கெடுக்கப் போனாலும், கேள்வி கேக்கறதுக்கு மொதல்ல ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிக்கச் சொல்லுங்க" என்றார். தம் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்களில் எத்தனை பேர் தண்ணீர் குடித்தார்கள் என்று நாம் கேட்கவில்லை.

அவள் போய்ச் சில மாதங்களாகின்றன. அண்மையில் தொலைபேசியில் அழைத்தாள். பஞ்ச நிவாரணக் கூலியைப்பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டுமாம். அரசின் அறிக்கைகள் நூலகத்தில் கிடைக்கின்றன. ஆனால் நம் தாய்ப்பங்கில் 1877, 1878ஆம் ஆண்டுகளின் திருமுழுக்கு, அடக்கப் பதிவேடுகள் இருந்தால் மாதவாரியாகப் படியெடுத்துத் தரமுடியுமா என்று கேட்டாள். பேழையைத் திறந்து பார்த்தோம். செல்லரித்த பக்கங்கள், பிரஞ்சுக் குரு ஒருவரின் சாய்ந்த கையெழுத்து, சில நாள்களில் ஒரே பக்கத்தில் இருபது பெயர்கள், பலவற்றுக்குத் தகப்பன் பெயர் இல்லை. எண்ணிக்கை மட்டும் போதுமா, பெயர்களும் வேண்டுமா என்று அவளிடம் திரும்பக் கேட்டோம். பெயர்களும் வேண்டும் என்றாள். இரவு உணவுக்குப் பின் தினம் ஒரு பக்கமாக எழுதிவருகிறோம். இப்போது 1877 ஆகஸ்டில் இருக்கிறோம்.